கயித்தானார் திருநாள்

மீன்வள இலாகா ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பழைய கோப்புகளைக் கழித்துக் கட்டும்போது, சங்கு குளிக்கும் பருவத்துக்கென்று தட்டச்சு செய்த திருநாள் அட்டவணை ஒன்று அவர்களுக்குக் கிடைத்ததாம். எந்த அர்ச்சியசிஷ்டவருக்கு, அதாவது புனிதருக்கு, எந்த நாள், எந்த நாளுக்கு விடுப்பு உண்டு, எதற்கு இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. அடியில் என் கையெழுத்து. “இந்துவான நீங்கள் இதை எப்படி சார் தயாரித்தீர்கள்? நிர்வாகத்துக்கு இது ஒரு முன்மாதிரி அல்லவா?” என்றார் ஒருவர்.

முன்மாதிரிதான். அதற்காக எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அது எப்படி வேலை செய்தது என்பதையும் சேர்த்து எழுதுவதானால் எழுதுகிறேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படித்த பிறகு அச்சிடுவதும் அச்சிடாததும் அவர்கள் பாடு.

என் ஊர் ஆத்தூர். அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தன. பாளையங்கோட்டையில் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய பள்ளி ஒன்றில் விடுதியில் தங்கிப் படித்தேன். இராச் சாப்பாட்டின்போது அங்கே யாரும் பேசக் கூடாது. ஒரு மாணவன் மட்டும் மேடையில் நின்று அன்றைய அர்ச்சியசிஷ்டவரின் சரித்திரத்தை வாசிக்க வேண்டும். என் உச்சரிப்பு நன்றாக இருந்ததால், நெற்றியில் திருநீறு இருந்தும் அந்த வேலை எனக்கு வந்தது. லவுரேஞ்சியாரை இரும்புக் கட்டிலில் போட்டு வாட்டியதை நான் வாசித்துக்கொண்டிருப்பேன். கீழே எல்லாரும் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருப்பார்கள். என் சாப்பாடு ஆறிப்போகும். ஆனால் வருஷத்தில் எந்த நாள் யாருடையது என்பது மனப்பாடமாகிவிட்டது. அது ஒரு நாள் அரசாங்க வேலைக்குப் பயன்படும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இண்டர்மீடியட் முடித்து இலாகாவில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சங்கின் இனங்கள், மணல் தரைக்கும் பாறைத் தரைக்கும் உள்ள வித்தியாசம், கடல் வரைபடம் பார்ப்பது எல்லாம் கற்றுக்கொண்டேன். நீச்சல் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில் தூத்துக்குடிச் சங்குக் கொட்டகைக்கு இன்ஸ்பெக்டராக வந்து சேர்ந்தேன்.

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஆறுமுகநேரிக்காரர். எல்லாரும் அவரைப் பொன்னையா அண்ணாச்சி என்பார்கள். ஓய்வு பெற்றுப் போகிறவர், சாவிகளையும் அளவுத் தகடுகளையும் ஒப்படைத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டே ஒன்று சொன்னார்.

“தண்டல்மாரு வந்து நாளைக்குத் திருநாள்னு கேப்பாங்க. குடுத்துரும். எந்தத் திருநாள்னு தோண்டாதீரும்.”

ஏன் என்று கேட்டேன்.

“கடல்ல எறங்குதது அவங்கதான? நாம எறங்கலேல்லா.”

இதை நான் ஒரு சோம்பேறி அதிகாரியின் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

சங்கு குளிக்கிற முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். விடிவதற்கு முன் கரைக்காற்றில் வள்ளங்கள் புறப்படும். ஒவ்வொரு வள்ளத்துக்கும் தலைவர் ஒரு தண்டல். அவருக்குக் கீழே குளியாட்கள், அதாவது மூழ்கிச் சங்கெடுப்பவர்கள், அவர்களுக்கு மேலிருந்து கயிறு பிடிக்கிறவர்கள். இலாகாத் தோணியில் நானும் கூடவே போவேன். ஏழெட்டுப் பாகம், அதாவது ஏழெட்டு ஆள் ஆழத்தில் நங்கூரம் போட்டதும் குளியாள் இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து நிற்பான். மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தால் மேலே இருப்பவர் கயிற்றை விடுவார். கீழே போனதும் கல்லை விட்டுவிட்டு மணலைத் துழாவுவான். மூச்சு முட்டும்போது கயிற்றைப் பிடித்து ஓர் இழு இழுத்தால் தூக்கிவிடுவார்கள். வெயிலில் கொஞ்ச நேரம் காய்ந்துவிட்டு மறுபடியும் இறங்குவான். பகல் உச்சியில் கடல்காற்று எழும்பியதும் எல்லா வள்ளங்களும் பாய் விரித்துக் கரை திரும்பும்.

ஒவ்வொரு குளியாளுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. அவன் எடுத்த சங்கு அந்த எண்ணுள்ள கூடையில் தனியாக இருக்க வேண்டும். கொட்டகையில் ஒவ்வொரு சங்காக அளவுத் தகட்டின் வளையத்தில் விட்டுப் பார்ப்போம். வளையத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிட்டால் அது சிறு சங்கு; உயிரோடு கடலுக்கே திரும்பப் போய்விடும். நுழையாதது வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். அந்தக் கொட்டகையின் நாற்றத்தை எழுதிக் காட்ட என்னால் முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் மோர் சாதத்தைத் தவிர வேறு எதுவும் சாப்பிடவில்லை.

விதிகள் கடுமையானவை. குளியாளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் இன்ஸ்பெக்டர் அவனை இலாகா டாக்டரிடம் அனுப்பியாக வேண்டும். டாக்டர் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் வில்லை பறிபோகும். பருவம் முடியும்வரை திரும்பக் கிடைக்காது. வில்லைக்காகக் காத்திருப்பவர்கள் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முறை எச்சரித்த பிறகும் காரணமில்லாமல் வராத வள்ளத்துக்கு உரிமம் ரத்தாகும். திருநாள் என்றால் மட்டும் வள்ளம் முழுவதும் கரையில் நிற்கலாம். யாருக்கும் தண்டனையில்லை, கூலியும் இல்லை.

எங்கள் சூப்பரிண்டெண்ட் ராகவாச்சாரி சென்னைக்காரர். சலவை செய்த வெள்ளைக் கோட்டோடு அந்தக் கொட்டகைக்குள் வருவார். கைக்குட்டையில் ஒரு துண்டு கற்பூரம் முடிந்திருக்கும். யாரையும் அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. யாராவது பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். பேசுகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டார். பேசி முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “அவ்வளவுதானே?” என்பார். அதற்குமேல் யாருக்கும் வாய் வராது. காரணம் கேட்க மாட்டார், ஆதாரம் கேட்பார். ஆனால் நியாயமானவர். வளையத்தில் பாதியில் சிக்கி நிற்கும் சங்கைத் தானே வாங்கி, திருப்பித் திருப்பி விட்டுப் பார்ப்பார். அப்போதும் சந்தேகமாக இருந்தால், “சந்தேகத்தின் பலன் சங்குக்கு” என்று சொல்லி அதைக் கடலுக்குப் போகும் கூடையில் போடச் சொல்வார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அது வேடிக்கையா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

குளியாட்களில் பெரும்பாலோர் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். சவேரியார் திருநாள், செபஸ்தியார் திருநாள், சூசையப்பர் திருநாள் ஆகியவற்றுக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். பெரிய வெள்ளியன்று தூண்டிலைக்கூடத் தொட மாட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் வந்த முதல் பருவத்திலேயே வேறு சில திருநாட்களும் வரத் தொடங்கின. ஜனவரியில் ஒரு தண்டல் வந்து, நாளைக்கு இராயப்பர் திருநாள் என்றார். இராயப்பருக்கு ஜூன் கடைசியில் அல்லவா திருநாள்? இன்னொருவர், லாசர் திருநாள் என்றார். அது கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தப் பருவம் பொன்னையா அண்ணாச்சி சொன்னபடி கொடுத்துவிட்டேன். ஆனால் விடுதிச் சாப்பாட்டறையில் வருஷக்கணக்காக வாசித்தவனுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது.

அடுத்த பருவத்துக்கு முன் பங்குச்சாமியிடம் போய் லத்தீன் காலண்டரை இரவல் வாங்கினேன். நெற்றியில் திருநீறோடு ஒருவன் வந்து வனத்துச் சின்னப்பருக்கும் வனத்து அந்தோனியாருக்கும் இடையே எத்தனை நாள் என்று சொல்வதைக் கேட்டு அவருக்கு ஒரே சந்தோஷம். காப்பி கொடுத்தார். எதற்காகக் கேட்கிறேன் என்று விசாரிக்கவில்லை. பூசைக்குப் போயே ஆக வேண்டிய கடன் திருநாட்கள், கோயில் திருநாள், அந்தந்த வள்ளத்துக்குப் பெயர் கொடுத்த அர்ச்சியசிஷ்டவரின் நாள் ஆகியவற்றுக்கு மட்டும் விடுப்பு என்று அட்டவணை தயாரித்தேன். ராகவாச்சாரி கண்ணாடியைக் கழற்றி, போட்டு, முழுவதும் படித்தார். “வெரி குட்” என்றார். அவர் அந்த வார்த்தையை வேறு யாரிடமும் சொல்லி யாரும் கேட்டதில்லை என்று தலைமை எழுத்தர் பிறகு என்னிடம் சொன்னார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காயல்பட்டினத்து முஸ்லிம் குளியாட்களும் சில வள்ளங்களில் இருந்தார்கள். அவர்கள் கேட்ட விடுப்பை நான் ஒருபோதும் குடைந்ததில்லை. அவர்கள் மார்க்கத்தில் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் நான் நல்ல அதிகாரியாக இருந்தேன்.

அட்டவணை வந்த பிறகு மாலை நேரத்தில் என் மேசை முன் நடந்தது கிட்டத்தட்ட கோயில் பிள்ளைகளுக்கு வைக்கும் ஞானோபதேசப் பரீட்சை. தண்டல்மார் ஒரு பெயரைச் சொல்வார்கள். நான் தேதியைச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். அவர்கள் வாதாட மாட்டார்கள். எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்: ஆத்தூர் மேற்றிராணியார். மேற்றிராணியார் என்றால் பிஷப்; அவரை ஆண்டவர் என்றுதான் அழைப்பார்கள். வைத்தவன் கயித்தான் என்ற குளியாள். உயரமானவன், கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் நான் அளவுத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையில், கொட்டகை நடுவில் ஒரு காலை மடக்கி மண்டியிட்டான். மேற்றிராணியாரின் மோதிரத்தை முத்தமிடுகிற மாதிரி அந்த வளையத்தை முத்தி செய்தான்.

“ஆண்டவரே, நான் இந்த மோதிரத்துக்குள்ள நொழைய மாட்டேன். சிறுசுன்னு சொல்லிக் கடல்ல போட்டுராதீய” என்றான்.

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். கோபத்தில் செய்ததாக இருந்தால் எனக்குப் புரிந்துகொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

கயித்தானின் வள்ளத்துக்குத் தண்டல் சந்தியாகு பர்னாந்து. நரைத்த மீசை, குறைந்த பேச்சு. மாசி மாதம் பிறந்த சமயம். அந்த வள்ளம் ஏற்கெனவே ஒரு நாள் சொல்லாமல் வராமல் நின்றிருந்தது, நான் எச்சரித்திருந்தேன். மறுபடியும் ஒரு மாலை சந்தியாகு வந்து, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு எங்களுக்குத் திருநாள், ஐயா.”

“யார் திருநாள்?”

கொஞ்சம் தாமதித்து, “கயித்தானார் திருநாள்” என்றார்.

நான் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. “கயித்தானாருக்கு ஆகஸ்டு ஏழாம் தேதி, தண்டல். இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே” என்றேன். பக்கத்தில் இருந்த எழுத்தர் சிரித்தார். சந்தியாகு தலைத்துணியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

“இந்த ஒரு நாளைக்கு மட்டும் பாத்துச் செய்யுங்க, ஐயா.”

“நாளைக்கு வள்ளம் வரவில்லையானால் உரிமம் போய்விடும். நான் எழுதத்தான் வேண்டும்.”

“சரி, ஐயா” என்று போய்விட்டார்.

மறுநாள் காலை அந்த வள்ளம் வந்தது. கயித்தானும் வந்தான். இலாகாத் தோணியை அதன் பக்கத்தில் நிறுத்தியிருந்ததால் எல்லாம் என் கண்ணுக்கு நேரே நடந்தது. மற்றவர்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். கயித்தான் பாய்மரத்தடியில் காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழக்கமான பேச்சு இல்லை. கடற்காற்றில் காது வலி எல்லாருக்கும் வருவதுதான் என்று நினைத்தேன். பிறகு அவன் எண்ணுள்ள கூடையில் சங்கு சேர்ந்துகொண்டே இருப்பதைக் கவனித்தேன். ஏறி வருகிறவர்கள் ஆளுக்கொன்றாக அதில் போட்டுவிட்டுத் தங்கள் கூடைக்குப் போனார்கள்.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று. அதை மறைப்பதில் பயனில்லை. தோணியை இன்னும் நெருக்கச் சொல்லி, உரக்கவே கேட்டேன்.

“குளிக்காமல் உட்கார்ந்திருக்கிறவன் கூடையில் சங்கு எப்படி வந்தது, தண்டல்?”

சந்தியாகு என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். கயித்தான்தான் எழுந்தான். காதுத் துணியை அவிழ்த்துப் பலகையில் வைத்தான். அதில் மஞ்சளாகக் கறை இருந்தது. சந்தியாகு அவன் தோளைப் பிடித்து, “ஏலே, இரு” என்றார். அவன், “விடும் மாமா, ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காருல்லா” என்று சொல்லிவிட்டுக் கல்லின் மேல் காலை வைத்தான். அவன் சொன்ன ஆண்டவர் நான்தான்.

முதல் தடவை ஏறி வந்தான். இரண்டு சங்கு கொண்டுவந்தான். மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தது, கழுவிக்கொண்டான். இரண்டாம் தடவை கயிறு இழுபடவே இல்லை. மேலே கயிறு பிடித்தவர் தாமாகவே இழுத்தார். கயிற்றில் கல் மட்டும் வந்தது.

ராயப்பன் என்ற குளியாள் இறங்கித் தேடி எடுத்து வந்தார். கயித்தான் மணலில் தலை கீழாகத் துழாவிக்கொண்டு, மேலே வருவதற்குப் பதில் பக்கவாட்டில் நீந்திப் போயிருக்கிறான். சீழ் வைத்த காதில் ஜவ்வு கிழிந்து தண்ணீர் புகுந்தால் தலை சுற்றிவிடும். எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போய்விடும் என்று, யாரென்று சொல்லாமல் நான் கேட்டபோது, வெளியூர் டாக்டர் ஒருவர் பிறகு விளக்கினார். வள்ளத்தில் போட்டு வயிற்றை அமுக்கினார்கள். கரைக்கு வரும்வரை அமுக்கிக்கொண்டே வந்தார்கள். அன்று பகல் உச்சிக்குக் காத்திருக்காமல் எல்லா வள்ளங்களும் திரும்பின.

அடக்கத்துக்குப் போனேன். எல்லாரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் சந்தியாகு நின்றுகொண்டிருந்தார். நான் அவரிடம், காது அப்படியிருந்ததைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரு புது ஆளுக்குக் கடலைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

“சொன்னா நீங்க டாக்டர்ட்ட அனுப்பியாகணும். வில்லை போயிரும். அதுக்குத்தான் ஐயா திருநாள். வள்ளத்துல ஒருத்தனுக்கு முடியலன்னா அன்னைக்கு அவன் பேருக்கு ஒரு திருநாள். எல்லாரும் கூலிய விட்டுட்டுக் கரையில கெடப்போம். லாசருக்குக் காச்சல்னா லாசர் திருநாள். ராயப்பனுக்கு நெஞ்சடைப்புன்னா ராயப்பர் திருநாள். அவனுக்கும் வில்லை நிக்கும், ஒங்களுக்கும் தெரிஞ்சதா ஆவாது.”

அவரே மறுபடி பேசினார்.

“மீன் புடிச்ச ராயப்பருக்கு எப்பத் திருநாள்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீய? எங்க வீட்டுக் கைப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே.”

என் அட்டவணையில் நான் அடித்துத் தள்ளிய ஒவ்வொரு பொய்த் திருநாளும் அந்தந்த வள்ளத்தில் ஒருவன் பெயராக இருந்திருக்கிறது. தினமும் கொட்டகையில் அவர்களை நான் வில்லை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதனால் பெயர்கள் என் காதில் ஒட்டவில்லை; கயித்தானின் பெயர் தெரிந்திருந்தும், அன்று எனக்குத் தேதி மட்டுமே தோன்றியது. இது சமாதானமல்ல. நடந்ததைச் சொல்கிறேன்.

விசாரணைக்கு ராகவாச்சாரி அடுத்த வாரம் வந்தார். என் மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சந்தியாகுவை எதிரே நிறுத்தினார்கள். இறந்தவன் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டார்.

“நல்லா இருந்தான், ஐயா.”

“யாராவது கட்டாயப்படுத்தினார்களா?”

“யாரும் சொல்லல. அவனா எறங்கினான்.”

“முதல் நாள் விடுப்புக் கேட்டதாக இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறாரே?”

“கயித்தானார் திருநாள்னு கேட்டோம். தேதி அது இல்லன்னு சொன்னாங்க.”

ராகவாச்சாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டவணையை எடுத்து, விரலை வைத்துத் தேடினார். பங்குச்சாமியின் காலண்டரையும் வரவழைத்துப் பார்த்தார். ஆதாரம் இல்லாமல் அவர் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். “ஆகஸ்டு ஏழு. இன்ஸ்பெக்டர் சொன்னதுதானே சரி?” என்றார்.

“அவங்க சொன்னதுதான் சரி, ஐயா” என்றார் சந்தியாகு.

பிறகு ராகவாச்சாரி என் பக்கம் திரும்பி, சேர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கூடையைப் பற்றி நான் கேட்ட கேள்வியை அந்த அறையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். “நோ, சார்” என்றேன். “அவ்வளவுதானே?” என்று அவர் எழுந்துவிட்டார்.

வள்ளத்துக்காரர்கள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு அன்றே புரிந்தது. ஆரோக்கியமான குளியாள் வேலையில் இறந்தால் மட்டுமே அவன் மனைவிக்கு ஆயுள் முழுவதும் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. நோயை மறைத்து இறங்கியவனுக்கு எதுவும் கிடையாது. கூடையைப் பற்றிப் பேச்செடுத்தால் காதைப் பற்றிய பேச்சும் வந்துவிடும். கயித்தானின் மனைவி இன்னாசியம்மாளுக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யின் நிழலில் நான் நின்றுகொண்டேன். அவர்கள் நகரச் சொல்லவில்லை.

அந்தப் பருவம் முடிந்தது. ஆடியும் பிறந்தது. வேலை இல்லாத மாதங்களில் இதை யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. ஆகஸ்டு ஏழாம் தேதி, தூத்துக்குடி மாதா கோயில் திருநாள் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கோயில் தெருவில் பந்தல் மூங்கில்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கயித்தானின் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கிப் போயிருந்தேன். இன்னாசியம்மாள் முற்றத்தில் சாளைக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை.

இன்று கயித்தானார் திருநாள், அதனால்தான் வந்தேன் என்றேன்.

“அது கோயிலுக்கு, ஐயா. எங்களுக்கு மாசியிலதான்” என்றாள்.

அர்ச்சியசிஷ்டவர்களுக்குப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளைத்தான் திருநாளாகக் குறிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அத்தனை சரித்திரங்களை வாசித்தவன் நான். மெழுகுவர்த்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். கூடையைப் பற்றி நான் கேட்டதனால்தான் அவள் புருஷன் இறங்கினான் என்பதையும், விசாரணையில் அதை மறைத்துவிட்டேன் என்பதையும், சூப்பரிண்டெண்டுக்கு எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கருவாட்டின் மேல் உட்கார வந்த காக்கையை விரட்டிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“தெரியும். வள்ளத்துல இருந்தவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க.” பிறகு, “எழுதிக் குடுத்தா என்ன ஆவும்?” என்று கேட்டாள்.

எனக்குத் தண்டனை கிடைக்கும் என்றேன்.

“எனக்கு?”

நான் மெழுகுவர்த்திக் கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“ஒங்க மனசு லேசாவுததுக்கு எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுராதீய, ஐயா” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “நான் இருக்குதவரைக்கும் வாயத் தொறக்காதீய. போயிட்டு வாங்க.”

மெழுகுவர்த்திக் கட்டை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு எந்தத் தண்டல் எந்தப் பெயரைச் சொல்லி எப்போது கேட்டாலும் திருநாள் கொடுத்தேன். ஒரு தடவை ராகவாச்சாரி, ஜனவரியில் இராயப்பரைப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டார். உள்ளூர் வழக்கம் என்று எழுதி அனுப்பினேன், விட்டுவிட்டார். அவர் நாற்காலிக்கு நானும் ஒரு காலத்தில் வந்தேன். கௌரவமாக ஓய்வு பெற்றேன். என் வேலைக் குறிப்பில் ஒரு கறை கிடையாது. வாயைத் திறக்காதே என்று அவள் சொன்னது எனக்குத் தண்டனையா, தப்பிக்க வழியா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அது இரண்டாவதாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது, நல்லவேளை அவள் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தோன்றாமல் இருந்ததில்லை.

இன்னாசியம்மாள் இந்தத் தவக்காலத்தில் இறந்தாள். உதவித்தொகை அவளோடு முடிந்தது. சந்தியாகுவும் அந்த வள்ளத்தில் இருந்த மற்றவர்களும் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி நான் பேசுவதால் யாருக்கும் எதுவும் நின்றுபோகாது. ஆகவே, விசாரணையில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். கயித்தான் தானாக இறங்கவில்லை. கூடையைப் பற்றி நான் கேட்டேன். அதனால் இறங்கினான்.